டாக்டர் உப்புத் தண்ணீருக்கு மாறிய கதை

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. போனில் சொல்லலாம் என்றால், எங்கள் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் கைக்குட்டை நீட்டலாம். உங்கள் தம்பி காதில் விழாமல் எதுவும் பேச முடியாது. அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூன்று பேரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் என்ன எழுதுவது என்று கால் மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குடிநீர் நிலையத்தில் உங்கள் தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்பது முழுதாகத் தெரியாது. தண்ணீரில் மருந்து சரியாகக் கலந்திருக்கிறதா என்று மணிக்கு ஒருமுறை சோதித்து ஏட்டில் எழுதுவது அவர் வேலை. அன்று மாலை நான்கு மணிக்குச் சோதிக்கவில்லை. மூன்று மணிக்கு என்ன எழுதியிருந்தாரோ அதையே மறுபடி எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார். மருந்து வரும் குழாய் அன்றைக்கென்று பார்த்து அடைத்துக்கொண்டது. மூன்று தெருவில் முப்பத்தொரு பேருக்கு வயிற்றுப்போக்கு. எல்லோரும் பிழைத்துவிட்டார்கள், ஒரு பெண் குழந்தை மட்டும் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வீடு திரும்பியது. அந்தப் பன்னிரண்டு நாளும் இவர் ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, எந்த பஸ்ஸிலும் ஏறாமல் நடந்தே வருவார்.

அவர் ஏன் ஓடிவந்தார் என்றால், நான்தான் கூப்பிட்டேன். "குழந்தை கண்ணைச் செருகுறா, உடனே வாங்க" என்று போனில் கத்தினேன். கடைவாய்ப் பல் முளைத்ததில் லேசான சூடு, அவ்வளவுதான். கண்ணைச் செருகியது தூக்கம் வந்ததால். விசாரணையில் ஏன் சோதிக்கவில்லை என்று கேட்டதற்கு "கவனக்குறைவு" என்று ஒற்றை வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். என் போனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சொல்லுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

இனி நீங்கள் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த மீன்தொட்டி விஷயம். வேலை நின்ற மறுநாள் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இந்த நல்ல தண்ணி என் கண்ணு முன்னாடி வேணாம். கடல் தண்ணியா மாத்தப் போறேன்" என்றார். ஏதாவது செய்யட்டும், சும்மா இருப்பதற்கு இது மேல் என்று நானும் தலையாட்டினேன். மீன்களைக் கடையில் திருப்பிக் கொடுத்தார். குழந்தையின் கறுப்பு மோலி மீன் மட்டும் மிஞ்சியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் அது உப்பிலும் பிழைக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதற்கு நாங்கள் டாக்டர் என்று பேர் வைத்திருக்கிறோம். கிட்டே வந்து உற்றுப் பார்க்கும், ஒன்றும் சொல்லாமல் போய்விடும். டாக்டர் வாளியோடு குளியலறைக்கு மாறினார். தினமும் ஒரு தம்ளர் உப்புத் தண்ணீர் அவருக்கு. அந்தப் பார்வைக்கு முன்னால் ஐந்து வாரம் நான் நிம்மதியாகக் குளிக்கவில்லை. கடல் உப்பைக் கரைக்க எந்தப் பாத்திரத்தை எடுத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, ஆறுதல் சொல்ல வந்த அவர் ஆபீஸ் நண்பருக்கு அதிலிருந்தே மொண்டு டீ போட்டுக் கொடுத்துவிட்டேன். பாவம், மரியாதைக்காக முழுத் தம்ளரையும் குடித்தார், கண் கலங்கிப் போனார், அதற்குப் பிறகு வரவே இல்லை. அடுத்தது இறால். தொட்டியில் ஏதாவது அழுகினால்தான் நல்ல கிருமிகள் வளருமாம். அதற்காக ஒரு இறாலைப் போட்டு, மீனே இல்லாத தொட்டியில், கூடத்தின் நடுவில், அது அழுகுவதை ஐந்து வாரம் காத்தோம். சாப்பிட்ட தட்டைக் கழுவத் தெரியாத மனிதர் காலை எட்டுக்கும் மாலை நான்குக்கும் கண்ணாடிக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, அழுகல் எவ்வளவு என்று நிறம் பார்த்து நோட்டில் எழுதினார். மஞ்சள் என்றால் நல்லது, பச்சை என்றால் விஷம். மஞ்சள் வந்தாலும் பூஜ்யம் என்று எழுதக் கூடாதாம், "தென்படவில்லை" என்றுதான் எழுத வேண்டுமாம், அவர்கள் ஆபீஸ் வழக்கம். சட்டைப் பொத்தான் எங்கே என்று கேட்டாலும் இப்போது அதே பதில்தான்.

போன வெள்ளிக்கிழமை அவரை ஆபீஸில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். "நாலு மணிக்கு மறக்காம பாத்து எழுதிடு. நேத்தே கொஞ்சமாத்தான் பச்சை, இன்னிக்கு மஞ்சளாயிட்டா சாயங்காலம் டாக்டரை விட்டுடலாம்" என்று போனார். நான்கு மணிக்குக் குழந்தை உப்பு மூட்டையைக் கவிழ்த்துக் கண்ணில் தேய்த்துக்கொண்டாள். அவளைக் கழுவித் தூங்கவைக்க ஐந்தரை ஆயிற்று. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. நோட்டை எடுத்தேன், நான்கு மணிக்கு நேராக 0 என்று போட்டேன்.

அண்ணி, அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வாளியைக் கொண்டுவந்து டாக்டரைத் தொட்டியில் விட்டார். சனிக்கிழமை காலையில் டாக்டர் மணலில் ஒருக்களித்துக் கிடந்தார். சோதித்துப் பார்த்தால் குழாயில் கரும்பச்சை. குழந்தை "டாக்டர் எங்க, டாக்டர் எங்க" என்று வாளியை எட்டி எட்டிப் பார்க்கிறாள். அவர் நான்கு நாளாகப் பேசவில்லை. எனக்கு நிறம் பார்க்கத் தெரியவில்லை என்று அவர் நினைத்துவிட்டால்கூடப் பரவாயில்லை, சோதிக்கவே இல்லை என்பது தெரிய வேண்டாம்.

அதனால் ஒரு உதவி. மீன் விஷயத்தில் உங்கள் பேச்சைத்தான் அவர் கேட்பார். நீங்களாகவே எழுதுவதுபோல, மோலி உப்பில் எப்படியும் பிழைக்காது, இது யார் தப்பும் இல்லை, தொட்டியை விற்றுவிடு என்று நாலு வரி எழுதுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். விசாரணையில் அவர் எழுதிக் கொடுத்ததும் அப்படியே இருக்கட்டும். இப்போது போய் நான் கூப்பிட்டேன் என்றால் சாக்குச் சொல்வதாகத்தான் நினைப்பார்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி

பி.கு.: இப்போது காலை ஆறரை. உறையை ஒட்டப் பசையைத் தேடினேன். எழுந்து உட்கார்ந்திருந்தவரிடம் பசை எங்கே என்று கேட்டேன். "தென்படலை" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "வெள்ளிக்கிழமை குழந்தை கண்ணுல உப்பைத் தேச்சுக்கிட்டா, நான் சோதிக்கவே இல்லைங்க" என்றேன்.

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சது?"

"அன்னிக்குச் சந்தோஷத்துல கவனிக்கலை. மறுநாள் நோட்டைப் பாத்தேன். நீ நிஜமா பாத்திருந்தா தென்படலைன்னு எழுதியிருப்ப. பாக்காதவங்கதான் பூஜ்யம் போடுவாங்க."

"ஏன் கேக்கலை?"

"என்னன்னு கேக்கறது? நானும் குழந்தையைத் தூக்கத்தானே ஓடிவந்தேன்."

அடுத்த விசாரணைக்கு நானும் வருகிறேன், நான் கூப்பிட்டதைச் சொல்கிறேன் என்றேன். "சொன்னா வேலை திரும்பக் கிடைச்சிடுமா?" என்று கேட்டார். "கிடைக்காது. அந்தக் குழந்தை படுத்துக் கிடந்த பன்னிரண்டு நாளும் திரும்பாது. நடந்ததை நடந்தபடி எழுதட்டும்" என்றேன். "சரி, வா" என்று அவர் பசையைத் தேடித் தந்தார்.

ஆகையால் மேலே கேட்டிருக்கும் பொய்யை எழுத வேண்டாம். கடிதத்தையும் கிழிக்க வேண்டாம். இரண்டாவது விசாரணை அடுத்த புதன்கிழமை பத்து மணிக்கு. எங்கள் இரண்டு பேரையும் விட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. முதல் நாள் ராத்திரியே உங்களால் வரமுடியுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.