மூன்று செக்கனில் நூறு போகும் சவ வண்டி

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பின்.

அன்பும் மரியாதையும் உரிய சிஸ்டர் மாமிக்கு,

ஆண்டவரின் அருளால் இங்கு அம்மா நலம், நான் நலம், என் கண்ணாடியின் பவர் மட்டும் கூடியிருக்கிறது. மன்னாரில் உங்கள் முழங்கால் வலியும் மடத்துக் கிணற்றின் உப்பும் குறைந்திருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். அப்பா நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மடத்துப் போன் பெரிய சிஸ்டரின் அறையில் இருக்கிறது. எங்கள் போனோ அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா மலர்ச்சாலையை மூடப் போகிறார். பெயர்ப்பலகையைக் கழற்றிச் சவப்பெட்டிகள் இருக்கும் அறையில் வைத்துவிட்டார். இந்தக் கிழமை சாவுச் செய்தியோடு வந்த இரண்டு வீட்டாரையும், வாசலில் வைத்தே கைகூப்பி, வேறு மலர்ச்சாலைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார். தெமட்டகொடையில் தளபாடக் கடை வைத்திருக்கும் ஸவாஹிர் அங்கிள், மாத முடிவில் தன் கடையில் வேலைக்கு வந்துவிடும்படி சொல்லியிருக்கிறாராம். அப்பா கட்டில் விற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை மாமி. வாங்க வருகிறவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, அவருக்கு எத்தனை அடி வேண்டும் என்று அந்த இரக்கமான குரலில் கேட்பார். ஒருவரும் வாங்க மாட்டார்கள். அப்பாவைத் தடுக்கக் கூடிய ஆள், அவரோடு கூடப் பிறந்த நீங்கள் ஒருவர்தான்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு கார்.

டீசலுக்கும் பெற்றோலுக்கும் நாடே கியூவில் நின்ற வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். சவம் ஏற்றும் எங்கள் வானும் மற்ற வண்டிகளைப் போலவே வரிசையில் நின்றது. மலர்ச்சாலையில் ஓர் அம்மாவின் உடலைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருந்த அப்பா, போனில் பெட்டியின் படத்தைக் காட்டி முன்னால் விடும்படி கேட்டிருக்கிறார். “கொஞ்சம் பொறுங்கோ அண்ணே, இப்பிடியே நிண்டா நாங்களும் உங்கட வண்டியிலதான் வருவம்” என்று ஒருவர் சொன்னாராம். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் மூன்று நாளாக அங்கே நின்றவர். கடைசியில் ஒரு கருவாட்டுக் கடைக்காரரின் கைவண்டியில் பெட்டியை ஏற்றி மாதம்பிட்டி மயானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் வண்டியின் வாசம் போகவில்லை. இறந்தவரின் மகள் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. இனிமேல் எரிபொருளுக்காக ஒரு சவத்தைக் காக்க வைக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். கார் கிடைக்கத்தான் சில வருடம் பிடித்தது.

வெள்ளவத்தையில் பீற்றர் அங்கிள் இறந்தபோது அடக்கம் நடத்தியது நாங்கள். அவருடைய மகன் றமேஷ் அங்கிள் கட்டாரில், டோஹாவில் வேலை செய்கிறார். லீவில் வரும்போது ஓட்டுவதற்காக அவர் இங்கே கொண்டுவந்து வைத்திருந்த மின்சாரக் கார் அது. மற்ற நாட்களில் பீற்றர் அங்கிள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அவர் போன பிறகு, வீட்டில் நெஞ்சு வருத்தக்காரியான தாய் மட்டும்தான். அவவால் காரைப் பார்த்துக்கொள்ள ஏலாது என்று றமேஷ் அங்கிள் விற்க நினைத்தார். நானும் அம்மாவும் அப்பாவோடு பார்க்கப் போனோம். நீளமான கறுப்புக் கார், பின்பக்கம் முழுக்கத் திறக்கும்.

“ஸ்ரனி அங்கிள், இது சும்மா கார் இல்ல. மூண்டு செக்கனில நூறு போகும்” என்றார் றமேஷ் அங்கிள்.

அப்பா பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். “பின் சீற்றை மடிச்சா எவ்வளவு வரும் தம்பி?”

“மடிக்கலாம். ஆனா அங்கிள், முக்கியம் என்னெண்டா இதின்ர மோட்டர்...”

“மெதுவாப் போகுமோ?”

“மெதுவாவோ?”

“நடந்து போற ஆக்களோட. வயசான ஆக்கள்.”

றமேஷ் அங்கிள் காரைத் திரும்பிப் பார்த்தார். “அப்பிடி ஒருத்தரும் கேக்கேல்ல அங்கிள்.”

பிறகு அப்பா ஓட்டிப் பார்த்தார். எங்கள் வானை மிதிப்பதுபோல முழுப் பாதத்தாலும் மிதித்தார். வான் அப்படி மிதித்தால், அதைப் பற்றி யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் புறப்படும். கார் யோசிக்கவில்லை. ஒழுங்கையின் இந்த முனையில் இருந்த நாங்கள் அந்த முனையில் இருந்தோம், நடுவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. சீற்றோடு ஒட்டிப்போயிருந்த அம்மா, மூச்சு வந்ததும் சொன்ன முதல் வசனம்: “சவத்துக்கு என்ன இவ்வளவு அவசரம்? இப்பிடி அவசரப்படுற ஆள் எண்டா ஏன் சாகிறார்?”

திரும்பி வந்து நின்றபோது, யாரும் தொடாமலே ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. றமேஷ் அங்கிள் சிரித்தார், உடனே சிரிப்பை விட்டுவிட்டார். டோஹாவில் அவருடைய நாலு வயது மகள் பின்னேரங்களில் தாயின் போனை எடுத்து, அங்கிருந்தே இந்தக் காரின் ஹோர்னை அடிப்பாளாம். பீற்றர் அங்கிள் அதைக் கேட்டதும் வீட்டுக்குள் போய் அவளுக்குப் போன் எடுப்பாராம். “அப்பப்பா போயிட்டார் எண்டு அவவுக்கு இன்னும் சொல்லேல்ல அங்கிள்” என்றார். அப்பா அவருடைய தோளைத் தட்டினார். கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் றமேஷ் அங்கிள் பயணம் போய்விட்டார். காரின் திறப்புச் சாவியை அப்பா சூசையப்பர் சிலையின் காலடியில் வைத்தார், ஃபாதர் வந்து காருக்குத் தீர்த்தம் தெளித்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. அந்தப் போனை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

முதல் கஷ்டம் சார்ஜ். குசினி ஜன்னல் வழியாக வயர் இழுத்துக் கொடுத்தோம். கார் சார்ஜ் ஆகும்போது கேத்திலைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டுவிடும். அதனால் அம்மா தேத்தண்ணி வைக்கும் முன், “ஆரும் செத்திருக்கினமோ?” என்று கீழே மலர்ச்சாலையில் இருக்கும் அப்பாவிடம் கேட்பார். இல்லை என்றால் காரின் வயரைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி. ஒரு நாள் விருந்தாளிகள் முன்னால் கேட்டுவிட்டார். அவர்கள் தேத்தண்ணி வேண்டாம் என்று எழும்பிவிட்டார்கள். அடுத்த கஷ்டம், முன்னால் ஆட்கள் நடந்தால் கார் தானாகவே பிறேக் பிடித்துக் கீ கீ என்று கத்தும். நம்முடைய சவ ஊர்வலத்தில் முன்னால் ஆள் நடக்காமல் எப்படி? அப்பா பாண்ட் வாத்தியக்காரர்களிடம் கெஞ்சி அவர்களைப் பின்னால் வரச் செய்தார். இளம் பெடியன்கள் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காரோடு படம் எடுத்தார்கள். ஆனால் புகை இல்லை, இரைச்சல் இல்லை. நடந்து வந்த கிழவர்கள் இருமாமல் செபம் சொன்னார்கள். “இதில போகலாம்போல இருக்கு ஸ்ரனி” என்று ஒருவர் சொன்னதை அப்பா மூன்று நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தச் சில நாட்கள் அவர் சந்தோஷமாக இருந்தார் மாமி. அதையும் நான் எழுத வேண்டும்.

பிறகுதான் கிறகரி மாஸ்டரின் அடக்கம் வந்தது. உங்களுக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர், ஒரு பிள்ளை சுருதி தவறினால் பூசை நடுவிலும் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்துகிறவர். கோயில் முழுக்க ஊர்வலத்தில் வந்தது. சந்தியில் பொலிஸ்காரர் நிறுத்தியதால் கார் நின்றது. பாடகர் குழு பின்னால் நின்று பாடியது. பாட்டின் நடுவில் ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கி, தான் தொடவில்லை என்று கண்ணாடிக்குள்ளிருந்து காட்டினார். மறுபடியும் அடித்தது. லைற்றுகள் மின்னின. பிறகு பின் கதவு, ஒருவரும் கிட்டப் போகாமலே, ஒரு சத்தமும் இல்லாமல் மெல்ல மேலே எழுந்தது. பெட்டி எல்லோருக்கும் தெரிந்தது. சில பேர் தெருவிலேயே முழங்காலில் விழுந்தார்கள். எதிர்வீட்டு றோஸி அன்ரி பாடகர் குழுவைத் திரும்பிப் பார்த்து, “நல்லாப் பாடுங்கோ பிள்ளையள், மாஸ்டர் எழும்பப் போறார்” என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. பாடகர் குழு சுருதியைச் சரி செய்துகொண்டு முதலிலிருந்து தொடங்கியது. அப்பா இறங்கிக் கதவை மூடினார். அது திறந்தது. மூடினார். திறந்தது. ஹோர்ன் நிற்கவே இல்லை.

கடைசியில் மாஸ்டரின் மகன்மார் பெட்டியை இறக்கித் தோளில் ஏற்றினார்கள். அப்பா காரை அங்கேயே விட்டுவிட்டு ஒரு மூலைக்குத் தானும் தோள் கொடுத்தார். மயானத்தில் மாஸ்டரின் மனைவி அப்பாவின் கையைப் பிடித்து, “பரவாயில்ல தம்பி, அவருக்குத் தோளில போகத்தான் விருப்பம்” என்றார். ஏசியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். சந்தியில் கார் இன்னும் அடித்துக்கொண்டு நின்றது. அது யாரைக் கூப்பிடுகிறது என்று எங்கள் வீட்டாரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பேய்க் கார் என்று எடுத்த வீடியோ இரவுக்குள் முகத்துவாரம்வரை போய்விட்டது.

மாமி, நான் அந்தக் காரின் கைநூலை முழுக்க வாசித்தேன். வீட்டில் வேறு ஒருவரும் அதைத் திறக்கவில்லை. பழைய சொந்தக்காரர் தன் போனில் காரை நீக்கிவிட்டால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

“றமேஷ் அங்கிளுக்கு ஒரு கோல் எடுங்கோ அப்பா” என்றேன்.

“நாங்கள் ஆருக்கும் கோல் எடுக்கிறேல்ல பிள்ளை.”

இந்தத் தொழிலின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. போய்ட்டு வாறன் என்று சொல்வதில்லை, ஒரு வீட்டுக்கும் நாங்களாகப் போன் எடுப்பதில்லை. அப்பா விளக்கினார்: “தாய் நெஞ்சு வருத்தத்தோட தனிய இருக்கிறா. எங்கட நம்பர் டோஹாவில விழுந்தா அவன் என்ன நினைப்பான்? போனைக் காதில வைக்க முதலே அவனுக்குத் தாய் செத்துப்போவா.”

“அப்ப மெசேஜ் போடுங்கோவன்” என்றார் அம்மா.

“மெசேஜ் போட்டாலும் பேர் விழும்தானே. பக்கத்தில மெழுகுதிரிப் படம் வேற.”

“படத்தை மாத்துங்கோ. ஒரு பூவைப் போடுங்கோ.”

“என்னட்ட மலர்வளையம்தான் இருக்கு.”

“றோஸியின்ர போனில எடுங்கோ.”

“எடுத்து? மலர்ச்சாலை ஸ்ரனி கதைக்கிறன் எண்டு சொல்லவோ? அது இதைவிட மோசம்.” அம்மா எழும்பிப் போன பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அந்தப் பிள்ளையின்ர ஹோர்னை நிப்பாட்டு எண்டு எந்த வாயால சொல்லுறது?” அடுத்த நாள் காலையில் பலகை கழன்றிருந்தது.

ஆகவே மாமி, தயவுசெய்து அப்பாவுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதுங்கள். இறந்தவர்களை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று, கட்டில் விற்பது அந்த வரிசையில் இல்லை என்று நினைவூட்டுங்கள். அதற்கு முன்னால் றமேஷ் அங்கிளுக்கு நீங்களே ஒரு கோல் எடுத்து விஷயத்தைச் சொல்லுங்கள். மன்னாரில் இருந்து மடம் கதைக்கிறது என்றால் அவர் பயப்பட மாட்டார், கூரைக்கு ஓடு போட நன்கொடை கேட்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். நம்பரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நான் இதை எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

பெரிய சிஸ்டருக்கு என் வணக்கத்தையும் மடத்துக் கோழிகளுக்கு என் அன்பையும் சொல்லுங்கள். உங்கள் செபமாலையின் ஒரு மணியில் எங்கள் மூவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்குத் தனி மணி வேண்டாம்.

என்றும் உங்கள் அன்பு மருமகள்,
றொசானா

பி.கு.: மாமி, மேலே கேட்ட ஒன்றையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் பசை எடுக்கக் கீழே போனபோது மலர்ச்சாலைப் போன் அடித்தது. ஒரு கிழமையாக அதைத் தொடாத அப்பா, டோஹா நம்பரைக் கண்டதும் எடுத்தார். றமேஷ் அங்கிளின் அம்மா இன்று மத்தியானம் நித்திரையிலேயே போய்விட்டார். இரவு விமானத்தில் குடும்பமாக வருகிறார்களாம், அம்மாவை அந்தக் காரிலேயே கொண்டுபோக வேண்டுமாம். அப்பா ஓம் என்றார். ஹோர்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடைசியில், “நான் திருப்பிக் கோல் எடுக்கிறன் தம்பி” என்றார். அவர் யாருக்கும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் இப்போது வெள்ளவத்தைக்குப் புறப்படுகிறார். எங்கள் நம்பரைப் பார்த்துப் பயப்பட றமேஷ் அங்கிளுக்கு இனி ஒன்றும் இல்லை.