சோஃபியா மேடத்தின் திருத்தம்

புழு தின்னிகளின் தட்டில் வைத்த சங்கு, மீன் தின்னிகளின் தட்டில் கிடந்தது.

வில்லியம் பதறவில்லை. "மேடம் வந்துட்டுப் போயிருக்காங்க," என்றார், மேசையின் மறுபக்கம் இருந்த சக விரிவுரையாளர் நோயலிடம்.

ராஜா அண்ணாமலைபுரத்துக் கல்லூரியின் விலங்கியல் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. துறைத்தலைவர் சோஃபியா யாரையும் திட்டமாட்டார். தப்பான இடத்தில் இருப்பதைச் சத்தமில்லாமல் சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டுப் போய்விடுவார். அடுத்த வாரம் அவருக்குப் பணி ஓய்வு. அருங்காட்சியகப் பொறுப்பு வில்லியத்துக்கா, நோயலுக்கா என்று அவர்தான் சொல்ல வேண்டும். கூம்பு நத்தை என்ற வேட்டைக்காரப் பேரினத்தை இரைவாரியாகப் பிரித்து அடுக்குவது வில்லியத்துக்கு வைத்த பரீட்சை.

காலையில் நொச்சிக்குப்பத்து கோவிந்தம்மாவின் மீன்கூடையிலிருந்து ஈரத்தோடு வாங்கி வந்த புள்ளிச் சங்குதான் இடம் மாறியிருந்தது.

"அப்போ புள்ளி போட்டதெல்லாம் மீன் தின்னி," என்று பாதித் தட்டை இடம் மாற்றினார் வில்லியம்.

"காலையில புழு, இப்ப மீனா? வெள்ளிக்கிழமை நம்ம சர்ச்சுல கறி கூடாதுங்கிறதாலயா மச்சி?" என்றார் நோயல்.

வகுப்பு முடிந்து வந்தால், அந்தச் சங்கு இப்போது நத்தை தின்னிகளின் தட்டில் இருந்தது. புள்ளிக் கூட்டம் முழுவதையும் அங்கே குடியேற்றினார். காபி குடித்துவிட்டு வந்தால், அது எந்தத் தட்டிலும் இல்லை. மேசை மேல் தனியாகக் கிடந்தது.

வில்லியத்துக்குப் புல்லரித்தது. "புரியுதா? இது கூம்பு நத்தையே இல்லைங்கிறாங்க. புதுப் பேரினம்." புள்ளிச் சங்குகள் அத்தனையையும் வெளியே எடுத்து, 'புதுப் பேரினம்' என்று பெரிதாக எழுதி வைத்தார்.

"பேசாம உன் பேரையே வெச்சிடு," என்று நோயல் டிபன் டப்பாவைத் திறந்தார்.

அப்போது சோஃபியா கன்னம் வீங்கி உள்ளே வந்தார். "யார் இப்படிக் கலைச்சது?"

"நீங்க நகர்த்தினதைப் பார்த்துத்தான் மேடம் மாத்தினேன்."

"நானா? காலையிலேர்ந்து ஆழ்வார்பேட்டையில பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருந்தேன், வில்லியம்."

வில்லியம் நோயலை முறைத்தார். "பொறுப்பு வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே. எதுக்குடா இந்தத் திருட்டு வேலை?"

"மாதா சத்தியமா நான் தொடலைடா."

மேசை துடைக்க வந்த உதவியாளர் லாசர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "அவர ஏன் சார் புடிக்கிறீங்க? சங்குக்குள்ள நண்டு கீது. தோ, உங்க புதுப் பேரினம் நோயல் சார் மீன் கொழம்பாண்ட போய்க்கினு கீது."