காலியாகக் கிடந்த மூன்று கேபிள்கள்

ஆபீஸிலிருந்து இன்னொரு கட்டிடத்துக்குப் போகும் நான்கு கேபிள்களில் மூன்றைக் காலியாகப் போட்டுவிட்டு, மொத்த டேட்டாவையும் ஒன்றிலேயே திணித்த கம்பிக்காரர், போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நெரிசல் வராமல் நான்கிலும் பங்கிட்டு அனுப்பத்தான் அவருக்குச் சம்பளம். தெரியாமல் இல்லை. ஆனால் சர்வர்கள் இரைகிற அந்தக் குளிர் அறையில் அவர் ஒண்டிக்கட்டை. வீட்டிலும் அதே கதைதான். தன் குரலே தனக்கு மறந்துவிடும் போலிருந்த ஒருநாள், கேபிளின் மறுமுனையில் இருக்கும் கட்டிடத்திலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டு, லைன் திணறுவதாகச் சொன்னார். பேச்சு எங்கெங்கோ போனது. அன்றிலிருந்து மனுஷனுக்கு நெரிசல் இல்லாமல் முடியவில்லை.

போன் அடித்தது. இன்றைக்கு அந்த அம்மாளின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு சுவாரசியத்தில் கேபிளைச் சரிசெய்ய மறந்தே போனார். வைத்துவிட்டுத் திரும்பினால், ஆபீஸ் முழுக்க எல்லார் கம்ப்யூட்டரும் உறைந்து நிற்கிறது.

பதறிப்போய் எல்லாவற்றையும் இரண்டாவது கேபிளுக்குத் தள்ளினார். அதுவும் திணறியது. 'எது காலியோ அதில் போ' என்று, டேட்டாவை வழிபிரித்து அனுப்பும் எல்லா ஸ்விட்சுக்கும் ஒரே உத்தரவு போட்டார். கேட்க வேண்டுமா? எல்லாம் ஒரே நேரத்தில் மூன்றாவதில் போய் விழுந்தன. அது அடைத்ததும் கூட்டமாக நான்காவதற்கு ஓடின.

மேனேஜரே இறங்கி வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இனிமே பங்கிடுறதைத் தானியங்கி மிஷின் பாத்துக்கும். நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்."

அந்த வாரமே மிஷின் வந்தது. கம்பிக்காரர் ஒரு கேபிளில் திணித்துப் பார்த்தார். கண் இமைப்பதற்குள் அது நான்காகப் பிரித்துவிட்டது. பாவி மிஷின். இனி அந்த அம்மாள் எதற்குக் கூப்பிடப் போகிறார்? தானே கூப்பிடலாமென்றால், என்னவென்று சொல்வது? போனை எடுத்தார், வைத்தார். அழுகையாக வந்தது.

அப்போது போன் அடித்தது.

"இன்னைக்கும் ரொம்ப மெதுவா இருக்கு சார்."

திரையைப் பார்த்தார். நான்கும் சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தன. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இனிமே மெதுவாகாதுங்க. இங்க தானியங்கி வெச்சுட்டாங்க."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க பக்கம் அந்த மிஷின் நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே வந்தாச்சு சார். ஒருநாள்கூட இங்க லைன் திணறினதில்ல."