ஒரு சாவை இருபத்தாறு வாரம் தள்ளிப்போட்டவர்

ஒரே முகூர்த்தத்தில் ஒரே மாப்பிள்ளையை இரண்டு தரம் தாலி கட்டவைத்த மனிதர் கண்டியில் ஒருவர்தான். மூன்றாவது முடிச்சுப் போட வந்த நாத்தனார் கமராவை மறைத்துவிட்டாராம். "மாப்ள, ஒன் மோர்" என்றிருக்கிறார். ஐயர் மயங்கி விழாத குறை. அன்றிலிருந்து கல்யாண வீடியோ எடுக்கும் அவருக்கு ஒன்மோர் அண்ணன் என்றே பெயர்.

அந்தக் கல்யாணக் கமராவை வைத்துக்கொண்டே மனிதர் ஒரு சினிமாவும் எடுத்துவிட்டார். வசனம் அடியேன். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு கிழவர் செத்துப்போகிறார். மழையில் பாதை இடிந்துவிட்டதால் சனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. கிழவராகப் படுத்தவர் அந்த லயத்துச் செல்லமுத்து தாத்தா. ஒப்பாரி வைத்தவர் அவருடைய சொந்த மனைவி ராக்காயி. தப்படித்தவர்கள், வாய்க்கரிசி போட்டவர்கள் எல்லோரும் அதே லயத்தில் அக்கம்பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள்.

படத்தைக் கோயில் மண்டபத்தில் காட்டினோம். மறுநாள் விடியக்காலையே பக்கத்துத் தோட்டத்திலிருந்து தாத்தாவின் சொந்தபந்தங்கள் கோடித்துணியோடு வந்து இறங்கிவிட்டார்கள். வாசலில் நின்று வரவேற்றவர் செல்லமுத்து தாத்தாவேதான். எடுத்து வந்த துணியைத் திருப்பிக் கொண்டுபோகக்கூடாது என்று, வாங்கி வைத்துக்கொண்டு தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்.

இந்தப் படம் எப்படியோ கொழும்பில் ஒரு டீவிக்காரர் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்து மனிதர், பொறுமைசாலி. இதை இருபத்தாறு வாரத் தொடராக இழுத்துத் தாருங்கள், நன்றாக வந்தால் அடுத்த தொடரும் உங்களுக்குத்தான் என்றார். ஒன்மோர் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியைப் படமெடுத்த மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

வினை ராக்காயி உருவில் வந்தது. கமராவைக் கண்டதும் காம்பரா வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஒருக்கா ஒப்பாரி வச்சாச்சு தம்பி. கட்டுன புருசனுக்கு ரெண்டாந்தரம் வச்சா பலிச்சுரும். காச்ச வரட்டும், இருமட்டும். சாகப்படாது."

படத்திலிருந்த சாவை எடுத்து ஒட்டவும் வழியில்லை. கல்யாணக் கமராவின் மங்கல் டீவிக்கு உதவாது. வேறு கிழவரைப் போடலாமே என்றேன். நான் ஏதோ கொலை செய்யச் சொன்ன மாதிரி முறைத்தார் ஒன்மோர் அண்ணன். "அந்த மூஞ்சிக்காகத்தான் படமே எடுத்தேன்."

ஆக, முதல் வாரமே சாகவேண்டிய தாத்தாவுக்குக் காய்ச்சல் மட்டும் வந்தது. அடுத்த வாரம் கூரைத்தகரம் ஒழுகியது. பிறகு ஆடு தொலைந்தது. ஆட்டைத் தேடியே நான் மூன்று வாரம் வசனம் எழுதினேன். தாத்தா பாட்டுக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "இன்னிக்குக் கொஞ்சம் தேவல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்டி மார்க்கட்டில் மரக்கறிக்காரம்மா எனக்குக் கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்து, பெரியவருக்கு எப்படியிருக்கு என்று விசாரித்தார். வாரம் தவறாமல் கொழும்பிலிருந்தும் போன் வரும். "ஆள் எப்ப சாகப்போறார் அண்ணை?" சனங்கள் பார்க்கிறார்கள் என்பதால் டீவிக்காரரும் பொறுத்தார். கடைசி வாரம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: படத்தில் உள்ளபடி சாவு வரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தொடர் கிடையாது.

கடைசிப் படப்பிடிப்புக்கு அவரே நேரில் வந்தார். பாடை தயார். தப்புக்காரர்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ராக்காயி இந்தத் தடவை வாசலை மறிக்கவில்லை. தம்பி பொழப்பாச்சே என்று அவருக்கே தோன்றிவிட்டது போல. மூலையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நடுங்கினார்.

ஒன்மோர் அண்ணன் கமராவில் கண் வைத்தார். கண்ணை எடுத்தார். ராக்காயியைப் பார்த்தார்.

"தாத்தா, எழும்பி உக்காருங்க. ஆச்சி, அவருக்கு ஒரு தேத்தண்ணி குடுங்க."

டீவிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப சாவு?"

"படத்துல செத்துட்டாரு சேர். டீவில இருந்துட்டுப் போகட்டும்."

ராக்காயி சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஊற்றிய அந்தத் தேத்தண்ணியோடுதான் தொடர் முடிந்தது. எந்த டீவியும் பிறகு ஒன்மோர் அண்ணனைக் கூப்பிடவில்லை. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனால் என் மகள் கல்யாணத்துக்கு, தாலி எத்தனை தரம் கட்டவேண்டி வந்தாலும் பரவாயில்லை, அவர்தான் வரவேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கிறேன்.