ஜோதிக்கு ஏற்ற ஸ்கூபா கடை

வடக்குப்பட்டு,
சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் யாக்கோபு அவர்களுக்கு, மைக்கேல்ராஜ் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் தங்கள் தங்கை செல்வமேரியும் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். தாங்களும் பிள்ளைகளும் புதுச்சேரிக் கடல் காற்றில் அதை இன்னும் நன்றாக விடுவீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தாங்கள் படிக்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறீர்கள். ஆகவேதான் தபால்.

விஷயம் நம் ஜோதியைப் பற்றியது. ஆயுதபூஜை லீவுக்கு அவளும் கம்பெனியில் அவளோடு ஒரே லைனில் வேலை செய்கிற ஃபாத்திமாவும் உங்கள் ஊருக்கு வந்து, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கப் போகிறார்களாம். ஸ்கூபா என்று பேர். காசு கொடுத்து முழுகுவது. மழை பெய்தாலே கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்கிற பெண்ணுக்கு இது என்ன ஆசை என்று கேட்டதற்கு, "கீழ போனா சத்தமே இருக்காதாம்பா. என் காதுக்குள்ள எந்நேரமும் ஒரு மெஷின் ஓடிக்கினே கீது. அது நிக்குதான்னு பாக்கணும்" என்றாள். கம்பெனியில் வேலை செய்கிற எல்லார் காதிலும்தான் ஓடுகிறது, அதற்காக எல்லாரும் கடலில் குதிக்கிறார்களா என்றேன். அவள் பாட்டுக்கு எழுந்து போய்விட்டாள். இப்போதெல்லாம் அவளுக்கு மரியாதை குறைந்துவிட்டது மச்சான். பின்னாலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. டிவி சத்தத்தைத் தெருமுனைக் கடைக்காரருக்கும் சேர்த்து வைக்கிறாள். "சம்பளம் வாங்குற திமிரு" என்கிறாள் தங்கள் தங்கை. நானும் இரண்டு முறை கை ஓங்கிவிட்டேன்.

இருந்தாலும் பெற்ற பிள்ளை. ஏதோ ஒரு கடையில் விட்டுவிட முடியுமா? நல்ல கடை பார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். இந்த விஷயத்தில் எனக்குள்ள தகுதி தாங்கள் அறிந்ததே. இருங்காட்டுக்கோட்டையில் அவள் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற அதே கம்பெனியில் நான் பாதுகாப்புப் பிரிவு. கேட்டுக்குள் நுழைந்ததும் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பெரிய பலகை நிற்கிறதே, அதில் தினமும் காலையில் ஸ்டூலில் ஏறி ஒரு நாளைக் கூட்டுகிறவன் நான்தான். ஆகவே முதல் கடைக்காரப் பையன் போனில், "பயப்படாதீங்க சார், இதுவரைக்கும் நம்ம கிட்ட ஒரு ஆக்சிடென்ட் கூட இல்ல" என்றதும் போனை வைத்துவிட்டேன். ஒன்று கூட இல்லை என்றால் எப்படி இல்லாமல் போகும் என்பது எனக்குத் தெரியாதா? போன கோடையில் எங்கள் பெயின்ட் ஷாப்பில் ஏணியிலிருந்து விழுந்தவன், பதிவேட்டில் அவன் வீட்டுப் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான். பின் கேட் வழியாகக் காரில் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை நான் வழக்கம்போல ஒரு நாளைக் கூட்டினேன்.

அடுத்த கடையில் எடுத்ததுமே, "உங்க டைவிங் ஸ்டைல் இன்னா சார்? அட்வென்ச்சரா, ரிலாக்ஸா, ரீல்ஸா?" என்றார்கள். பெண்ணின் ஜாதகம் கேட்டால் சொல்லியிருப்பேன், ஸ்டைலுக்கு எங்கே போவது? சத்தம் கூடாது, அவசரம் கூடாது, போட்டோ பிடிக்கக் கூடாது என்றேன். அப்படி ஒரு பேக்கேஜ் இல்லையாம். ஒரு படகில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்று கேட்டால், ஏற வருகிற அத்தனை பேரையுமாம். எங்கள் கம்பெனி பஸ்ஸும் அப்படித்தான், ஆனால் அது ரோட்டில் போகிறது.

கடைசியில்தான் செந்தாமரை என்ற அம்மாள் அகப்பட்டார். அவரே டைவர், அவரே முதலாளி. பேச்சு வெடுக்கென்று இருந்தது. விபத்து உண்டா என்றதும் தயங்காமல், "உண்டு சார். போன சீசன்ல ஒருத்தர் சளியை மறைச்சிட்டு எறங்கி காதுல ரத்தம் வந்துடுச்சி. அன்னிலருந்து ஆரம்பத்துலயே காது டாக்டர் கிட்ட காட்டி சீட்டு வாங்கிக்கினு வந்தாத்தான் படகுல ஏத்துவேன். முடியாதுன்னா வேற கடை பாத்துக்கோங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான். இத்தனை வருஷத்தில் விபத்து உண்டு என்று வாயால் சொன்ன ஒரு முதலாளியை இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டு பேருக்கு ஒரு ஆள்தான் கூட வருவாராம், மெதுவாகத்தான் இறக்குவாராம், கேமராவும் கிடையாதாம். நம் ஜோதிக்கென்றே திறந்த கடை மாதிரி இருக்கிறது. தாங்கள் தயவுசெய்து நேரில் போய், படகையும் அந்த அம்மாளின் முகத்தையும் ஒரு பார்வை பார்த்து, ஜோதி பெயரைப் பதிந்துவிடவும். ஸ்ரீபெரும்புதூர் காது டாக்டரிடம் சீட்டு வாங்க அவளை இப்போதுதான் அனுப்பியிருக்கிறேன். கம்பெனியில் வருஷாவருஷம் காது டெஸ்ட் எடுத்து எல்லாருக்கும் நார்மல் என்று எழுதுகிறார்கள், ஆகவே இது வெறும் சம்பிரதாயம்தான்.

பிள்ளைகளுக்கு ஆண்டவர் நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கொடுப்பாராக. தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். வரும்போது நெத்திலிக் கருவாடு கொண்டுவரச் சொல்லித் தங்கள் தங்கை உத்தரவு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
அ. மைக்கேல்ராஜ்

பி.கு. சாயங்காலம் கவரை ஒட்டுவதற்குள் ஜோதி வந்துவிட்டாள். பெயர் பதிய வேண்டாம். இடது காது முழுக்கப் போய்விட்டதாம், வலது காது போய்க்கொண்டிருக்கிறதாம். பிரஸ் சத்தம்தான் காரணம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். காதில் வைக்கிற ரப்பர் அடைப்பானை ஆடிட் நாளில் மட்டும் பிரித்துக் கொடுப்போம், அதைக் கொடுக்கிறவனும் நான்தான். என் பிள்ளை காதில் விழாததைத் திமிர் என்று நினைத்துக் கை ஓங்கினேனே, நெஞ்சு எரிகிறது மச்சான். செந்தாமரை அம்மாளுக்குப் போன் செய்தேன். "மீதி கீற காதையும் கெடுக்க சொல்றீங்களா? எறக்க மாட்டேன் சார்" என்றார். நான் தேடித்தேடிப் பிடித்த கடை, வேறு என்ன சொல்லும்? அடுத்து எங்கள் சேஃப்டி ஆபீசர் சுபாஷுக்குப் போன் செய்தேன். "ஒரே நாள்ல நடந்தாத்தான் அது ஆக்சிடென்ட்டுண்ணே. இது கொஞ்சங்கொஞ்சமா நடந்தது, போர்டுல வராது" என்றார்.

திங்கட்கிழமை காலை ஸ்டூலில் ஏறிப் பூஜ்யம் போடப் போகிறேன். அதோடு என் வேலையும் பூஜ்யம்தான். ஆகவே அந்த அம்மாளிடம், படகைக் கழுவவோ வாசலில் நிற்கவோ ஆள் வேண்டுமா என்று கேட்டு வைக்கவும். ஜோதியும் என்னோடு வருவாள், கரையில் உட்கார்ந்திருப்பாள். கூப்பிடுகிறவர்கள் மட்டும் அவளுக்கு வலப்பக்கம் வந்து கூப்பிட வேண்டும்.