சிறைக்கதவு திறக்காத காரணம்

கல்லங்குடி என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. மற்ற நாடுகளில் சட்டம் ஏட்டில் கிடக்கும், ஊர் தன்போக்கில் நடக்கும். கல்லங்குடியில் அந்தப் பேச்சே இல்லை. அரண்மனைச் சுவரில் எது எழுதியிருந்ததோ, அது தானாகவே நடந்துவிடும். விடிந்ததும் மதகு திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் மதகு திறக்கும். அந்த எழுத்தை அழித்துவிட்டால், ஊரே கூடி நெம்பினாலும் அசையாது. தலைமுறை தலைமுறையாக ஆளாளுக்கு எழுதிச் சுவர் நிரம்பிப்போயிருந்தது. அதை முழுதாகப் படித்த புண்ணியவான் எவனுமில்லை.

தலைமை அமைச்சர் விசயரங்கர் கடல் கடந்து ஒரு பூதத்தைத் தருவித்தார். அது சுவரைப் படிக்கும், திருத்தும், தூங்காது. சொன்னதைச் செய்யும், சொன்னதை மட்டுமே செய்யும். அதற்குக் காது கொஞ்சம் மந்தம். ஆகவே அமைச்சரின் ஆணைகளைக் கூவுவதற்குக் கோமளவல்லி என்ற பெண்ணை அமர்த்தினார்கள். வெண்கலக் குரல் அவளுக்கு.

பூதம் செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அமைச்சர் மணியடித்துச் சம்மதம் தர வேண்டும். ஆரம்பத்தில் படித்துப் பார்த்து அடித்தார். பிறகு படிக்காமல் அடித்தார். பிறகு கை கடுக்கிறது என்று மணிக்கயிற்றைத் தம் ஊஞ்சலில் கட்டிவிட்டார். அவர் ஆட ஆட மணி ஒலித்தது, பூதம் கேட்டதெல்லாம் சம்மதமாயிற்று. இத்தனை வேகமான நிர்வாகத்தைக் கண்டதில்லை என்று அவையினர் மெச்சிக்கொண்டார்கள்.

"சுவரைச் சுருக்கு" என்பது முதல் ஆணை. காலையில் ஓடம் அக்கரை போக ஒரு விதி, மாலையில் இக்கரை திரும்ப ஒரு விதி இருந்தன. அதே ஓடம், அதே ஆறு, எதற்கு இரண்டு என்று பூதம் ஒன்றை அழித்தது. ஓடங்கள் எல்லாம் அக்கரை போய் அங்கேயே நின்றுவிட்டன. ஜனங்கள் குறைகேட்கும் சாளரத்தில் முண்டியடித்தார்கள்.

"சுவரைத் தணிக்கை செய். குறை என்று ஒன்று இருக்கக் கூடாது" என்றார் அமைச்சர். கோமளவல்லி கூவினாள். பூதம் சாளரத்தின் விதியை அழித்தது. சாளரம் மூடிக்கொண்டது. "குறை எதுவும் வரவில்லை" என்று பூதம் அறிவித்தது. அன்று அரண்மனையில் பாயச விருந்து.

விருந்தில் அமைச்சரைப் புகழ்ந்து ஒருவர் பாடியபோது கோமளவல்லியின் கணவன் நன்மாறன் அடக்கமாட்டாமல் சிரித்துத் தொலைத்தான். ஒரு பருவகாலம் சிறை என்று தீர்ப்பாயிற்று.

அந்தப் பருவம் முடியப்போகும் சமயத்தில் அமைச்சர் மூன்றாவது ஆணையைச் சொன்னார். "காலம் முடிந்ததும் அமைச்சர் பதவி விலகி வெளியேற வேண்டும் என்று சுவரில் ஒரு விதி இருக்கிறதாம். அதனால் நாட்டுக்கு யாதொரு பயனும் இல்லை. நீக்கச் சொல்." கோமளவல்லி கூவினாள். மணி ஒலித்தது.

மறுநாள் அவள் சிறைவாசலில் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை.

"திறக்கணும்ங்கிற விதியே சுவர்ல இல்லைம்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்றான் காவலன்.

"கோமளா, சமைச்சு வெச்சுட்டா வந்த?" என்று உள்ளிருந்து நன்மாறனின் குரல் கேட்டது.

"கத்திரிக்காய்க் குழம்பு. உங்களுக்குப் பிடிக்குமேன்னு."

"சரி, நீ போய்ச் சாப்பிடு. ஆறிடப் போகுது."

உள்ளே போனவன் இனி வெளியே வரவே மாட்டானோ என்று அவள் பயந்தாள். நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

அங்கே அவளுக்கு முன்பே அமைச்சரின் மாமியார் வந்திருந்தார். சேவற்சண்டையில் தில்லுமுல்லு செய்து சிறைக்குப் போன அவருடைய மகனும் அன்றுதான் விடுதலையாக வேண்டும். "என் பையன் வெளிய வர்ற வரைக்கும் நான் உங்க வீட்லதான் இருக்கப்போறேன் மாப்பிள்ளை" என்றார். அதைக் கேட்டதும் அமைச்சருக்கு நாட்டின் மீது அக்கறை பொங்கிவிட்டது.

"தணிக்கை செய்யச் சொல் பெண்ணே. குறை என்று ஒன்று இருக்கக்..."

கோமளவல்லி அவரை முடிக்கவிடவில்லை. "பூதமே, எதையும் தொடாதே! எதையும் அழிக்காதே! சிறைக்கதவு ஏன் திறக்கவில்லை? பார்த்ததை மட்டும் சொல்!"

பூதம் சுவரைப் படித்துவிட்டு, ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. "காலம் முடிந்த கைதி வெளியேற வேண்டும் என்று ஒரு விதி. காலம் முடிந்த அமைச்சர் வெளியேற வேண்டும் என்று ஒரு விதி. சுருக்கச் சொன்னீர்கள். உள்ளே போன எவரும் காலம் முடிந்தால் வெளியேற வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாக்கினேன். பிறகு அமைச்சருக்கு உரிய விதியை நீக்கச் சொன்னீர்கள். அந்த ஒன்றைத்தான் நீக்கினேன். திரும்ப வைக்கட்டுமா?"

"அவசரம் வேண்டாம்" என்றார் அமைச்சர், ஊஞ்சலில் ஆடியபடியே. "இரண்டாகப் பிரித்து, கைதிக்கு உரியதை மட்டும்..."

கோமளவல்லி பூதத்தின் பக்கம் திரும்பினாள். தப்பாகப் போனால் அவளுக்கும் அதே சிறை, அதே திறக்காத கதவு. போனால் போகட்டும் என்று மூச்சை இழுத்துக் கூவினாள்.

"நீக்கியதை இருந்தபடியே திரும்ப வை!"

மணி ஒலித்தது.

விசயரங்கரின் காலமும் அந்தப் பருவத்தோடே முடிந்திருந்தது. அவையின் பெரிய கதவுகள் திறந்துகொண்டன. அவர் கால்கள் அவரைக் கேளாமலே வாசலை நோக்கி நடந்தன. "இது ஆலோசனைக்கு உரிய விஷயம்" என்று சொல்லிக்கொண்டே போனார். மாமியார் அவரைத் தடுக்கவில்லை. மகனுக்குச் சோறு வடிக்க வேண்டுமென்று அவசரமாகக் கிளம்பினார்.

கோமளவல்லி ஓடினாள். சிறைக்கதவு விரியத் திறந்து கிடந்தது. ஆட்கள் வெயிலில் கண் கூச வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நன்மாறன் இளைத்துப் போயிருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். அத்தனை நாள் அடக்கிவைத்த பயமெல்லாம் அழுகையோடு கரைந்து போயிற்று. அப்பாடா என்றிருந்தது.

வீட்டை நோக்கி நடக்கையில் அவன் கேட்டான். "அப்ப இனிமே யாரு மந்திரி?"

"தெரியலைங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாரு வந்தாலும் சரி, போறதுக்கு வழி இருக்கு."