பொன்வயலில் ஒரு குமிழி

வாங்குகிறவர், விற்கிறவர் என்று உலகத்தில் இரண்டே இனம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. "எல்லாம் சரி, இன்னும் கொஞ்சம் வடிவாக்குவம்" என்கிற இனம். மென்பொருள் செய்கிறவர்கள் இந்த இனத்தைத் தூரத்தில் கண்டாலே மடிக்கணினியை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். செய்த வேலையைக் காட்டினால் தலையைச் சரித்துப் பார்ப்பார். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். எழுந்து கதவடிக்குப் போய் நின்று பார்ப்பார். பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி வந்து பார்ப்பார். தொட்டு மட்டும் பார்க்கமாட்டார்.

வினாயகமூர்த்திப் போடியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பெரிய வயற்காரர். அறுவடைக்கு வாடகைக்கு விட வெட்டு மெசின்களும் வைத்திருக்கிறார். மெசின் கேட்டு ஓயாமல் போன் வருகிறதே என்று, ஒரு செயலி செய்விக்க வாவியைக் கடந்து நகரத்துக்கு வந்தார். செய்ய வந்தவள் நிருஷா. வெள்ளைப் பக்கம், நடுவில் பெரிய பச்சைப் பட்டன், அதில் 'மெசின் வேணும்'. அமத்தினால் மெசின் வரும். முடிந்தது கதை.

"இதென்ன புள்ள, மருந்துக்கடை நேம்போட் மாதிரி இரிக்கு?" என்றார் போடியார். "ஒரு மீன் பாடினா எப்படி?"

"நெல்லு வெட்ட மீன் என்னத்துக்கு ஐயா?"

"மீன் பாடும் தேனாடெண்டுதானே மட்டக்களப்புக்குப் பேர், மீன் பாடணும் புள்ள."

அதுவும் நியாயம்தான். எங்கள் பக்கத்தில் கரப்பந்தாட்டக் கழகத்தின் சட்டையிலும் மீன்தானே பாடுகிறது! மீன் வந்தது. மீன் நீந்த வாவி வந்தது, வாவிக்கு மேலே பாலம் வந்தது, பாலத்துக்குப் பின்னால் ஆறுதலாக, மெல்ல மெல்ல உதிக்கும் சூரியன் வந்தது, சூரியன் வந்ததும் வயலெல்லாம் பொன்னாகியது. பச்சைப் பட்டன் கண்ணை உறுத்துகிறது என்று அதுவும் பொன்னிறமாகி, சுருங்கி, கடைசியில் மீன் பாடி முடித்த பிறகு அதன் வாயிலிருந்து எழும் ஒரு குமிழியாகிப்போனது.

"ஐயா, ஆக்கள் வரம்பில நிண்டு, வெயிலுக்க, சேத்துக் கையோட அமத்தப் போறாங்க. குமிழி கண்ணுக்குத் தெரியாது."

"வடிவா இருந்தா சனம் தேடிப் பிடிக்கும் புள்ள."

மாலை மரியாதையோடு வெளியீட்டு விழா நடந்தது. மேடையில் போடியார் முழங்கினார்: "இனிப் போனில கேட்டா மெசின் வராது. ஆப்பில ஓடர் வந்தாத்தான் அசையும். நான் கேட்டாலும் அதுதான் சட்டம்!"

சனம் செயலியைப் பார்த்தது, ரசித்தது, மீனைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சோறு தீத்தியது. மெசின் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. "இவங்களுக்குப் போன் பாவிக்கத் தெரியல்ல" என்றார் போடியார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பிறகு மாசி மாதத்தில், அவருடைய சொந்த வயல் முற்றித் தலைசாய்த்து நின்ற நேரம் பார்த்து, வானம் கறுத்தது. மெசின் வரம்போடு நிற்கிறது. மேலே சாரதி வினோஜன்.

"இறக்கு மனே, மழை வருது!"

"ஓடர் வரல்லையே போடியார்."

சட்டம் வந்த முதல் வாரம் யாரோ ஒருவரின் வாய்ச்சொல்லுக்கு மெசினை இறக்கப்போய், ஊருக்கு முன்னால் போடியாரிடம் ஏச்சு வாங்கியவன் வினோஜன். இனி அசைவானா?

போடியார் போனை எடுத்தார். சூரியன் உதித்தது, அவசரமேயில்லாமல். மீன் வந்தது. பாடியது. குமிழி எழுந்த நேரம் சேற்று விரல் வழுக்கி மீனில் பட்டது. மீனுக்குச் சந்தோசம், முதலிலிருந்து பாடத் தொடங்கியது. ஒரு போகத்து நெல்லும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது! மறுபடி குமிழி தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமத்தினார். அது குமிழியில்லை, மழைத்துளி.

"நான்தானே மனே நேர சொல்றன்!"

"நீங்க கேட்டாலும் விடக்கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

நிருஷாவுக்குப் போன் பறந்தது. "புள்ள, அந்த மீன நிப்பாட்டு! பட்டன் போடு! பெரிசா, கண்ணில குத்துற மாதிரி!"

பழைய பக்கத்தை நிருஷா அழிக்காமல்தான் வைத்திருந்தாள். சோற்றுக்கோப்பை அளவில் பச்சைப் பட்டன் வந்தது. போடியார் அமத்தினார். மெசின் உறுமிக்கொண்டு இறங்கியது. பாதி வயல் வெட்டுப்பட்டது. மற்றப் பாதியை மழை மண்ணோடு படுக்கவைத்தது.

தெப்பமாக நனைந்த போடியார் வரம்பில் நின்று மறுபடி நிருஷாவைக் கூப்பிட்டார். "வேலை செய்யுது புள்ள. நல்லா வேலை செய்யுது. ஆனா அந்தப் பச்சையக் கொஞ்சம்..."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் மகளின் கல்யாண அழைப்பிதழில் மண்டபத்தின் பெயரைத் தங்கத் தாளில் தங்க எழுத்தாலேயே அடிக்கச் சொன்னது யார்? உங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் அடுத்த மண்டபத்துக்குப் போய், முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்கு அறுகரிசி போட்டு வாழ்த்திவிட்டு வந்தார்களே, உங்களிடம் சொல்லவில்லையா? அங்கே சாப்பாடு நல்ல ருசியாம்.